குல்சும் எடுத்துப்போட்ட படங்கள்

உம்மல் குல்சும் வேலை பார்க்கும் இடம் ஆர்.எஸ்.புரத்தில், ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு மேல்மாடி. கீழே முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்களில் பலர் அதற்கு முன்பே மாடிக்கு வந்து போனவர்களாக இருப்பார்கள். மாடியில் இருப்பது திருமணத் தகவல் மையம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கொண்டுவரும் விவரங்களை டைப் செய்து, போட்டோ ஒட்டி, ஜாதகக் கட்டம் சேர்த்து, ஆளுக்கு ஒரு வேர்டு ஃபைலாக கம்ப்யூட்டரில் வைப்பது அவள் வேலை. வரன் கேட்டு வருகிறவர்களுக்கு ஒத்துவரும் ஃபைல்களை இருபது, முப்பது என்று மெயிலில் அனுப்பி, யாருக்கு எந்தப் பதிவு நம்பரை அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். இதை அவள் பத்தொன்பது வருஷமாகச் செய்து வருகிறாள்.

கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்திருந்தாள். கணவர் ரசாக்குக்கு உக்கடத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை. முதன்முதலில் வேலை கேட்டு வந்தபோது மையத்தின் முதலாளி பொங்கியண்ணன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்களவங்க குலம், கூட்டம், குலதெய்வம், நட்சத்திரம் எல்லாம் உங்களுக்குப் பிடிபடுங்களா?" என்று கேட்டார். அவர் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். பண்ணையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

"டைப் அடிச்சாப் போதுமுங்களா, இல்ல பொருத்தமும் நானே பாக்கோணுமுங்களா?" என்று குல்சும் திருப்பிக் கேட்டாள். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அவள் வீட்டில் யாருக்கும் ஜாதகம் கிடையாது. ஆனாலும் இரண்டு வருஷத்தில் கட்டத்தைப் பார்த்தவுடன் செவ்வாய் எங்கே, சனி எங்கே என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள். ஆரம்பத்தில் வேர்டிலேயே பதினாறு கட்டம் போட்டு, நடுவில் உள்ள நாலையும் ஒன்றாக்கி, சுற்றியுள்ள பன்னிரண்டிலும் எழுத்துகளை டைப் செய்வாள். ராசிக்கு ஒன்று, அம்சத்துக்கு ஒன்று. ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். 2013க்குப் பிறகு பலரும் ஜாதகத்தை கம்ப்யூட்டரில் கணித்தே கொண்டுவர ஆரம்பித்தார்கள். அதையும், கையால் எழுதிய ஜாதக நோட்டுகளையும் ஸ்கேன் செய்து, போட்டோவைப் போலவே படமாக ஒட்டிவிட்டால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதற்கப்புறம் அவள் கட்டம் டைப் செய்யவில்லை.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் மாடியேறி வந்தாள். கழுத்தில் பீளமேட்டு ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கியது. பெயர் கனிஷ்கா என்றாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா இங்கே பதிந்திருந்தார். வரன் வேறு வழியில் அமைந்து, கல்யாணமும் ஆகி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவள் உட்காரவில்லை. போனை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதைப் பாருங்க. ஈரோட்டுப் பக்கம் யாரோ ஒரு தரகரு வாட்ஸப்ல போட்டிருக்காரு. எங்க மாமியாருக்கே வந்திருக்கு."

போட்டோவில் பச்சைப் பெயின்ட் அடித்த கேட்டுக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கனிஷ்கா. இன்னொருத்தி அவளுடைய தங்கை, இப்போது காலேஜில் கடைசி வருஷம் படிக்கிறவள். அடியில் 'அக்கா தங்கை இருவருக்கும் வரன் தேவை, உடனே அழைக்கவும்' என்று எழுதி ஒரு நம்பரும் இருந்தது. தங்கையோடு படிக்கும் பையன்கள் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்களாம். நாலு நாளாக அவள் காலேஜுக்குப் போகவில்லை.

பொங்கியண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் தெளிந்தது.

"இது எங்ககிட்ட இருந்து போகலீங்க அம்மணி. இதுல ரெண்டு பேரு இருக்கறாங்க. நாங்க ஒருத்தரு போட்டோதானுங்க வைப்போம். உங்க தங்கச்சி பதியவே இல்லையே, அந்தப் புள்ள போட்டோ எங்ககிட்ட எப்படீங்க இருக்கும்?"

குல்சும் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து போனைப் பார்த்தாள். அந்த கேட்டை அவளுக்குத் தெரியும். போட்டோவை ஃபைலில் ஒட்டிவிட்டு கிராப் செய்தபோது தங்கையின் விரல் ஒன்று அக்காவின் தோளில் மிச்சம் நின்றதும், அதை மறைக்க மூன்று தடவை இழுத்துப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் ஃபைலைத் திறந்தாள். கனிஷ்கா தனியாக நின்றாள், தோளில் அந்த விரலோடு. படத்தைத் தொட்டு கிராப் பட்டனை அழுத்தினாள். வெட்டிய பக்கம் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. தங்கை அங்கேயே சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சாம்பல் நிறத்தை குல்சும் ஆயிரக்கணக்கான தடவை பார்த்திருக்கிறாள். வெட்டுவதற்கு வசதியாகத் தன் கம்ப்யூட்டரில் மட்டும் அது தெரிகிறது, மெயிலில் போகும்போது வெட்டிய பக்கம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கிராப் செய்தால் ஓரம் மறையுமே தவிர ஃபைலை விட்டுப் போகாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. ஃபைல் கிடைத்த எவரும் அதே பட்டனை அழுத்தினால் முழுப் போட்டோவும் அவர்கள் கைக்கு வந்துவிடும். அவள் வெட்டியதாக நினைத்த தங்கைகள், அம்மாக்கள், வீட்டு வாசல்கள், கார் நம்பர்கள் எல்லாம் ஃபைலோடு சேர்ந்தே ஊர் ஊராகப் போயிருக்கின்றன.

பேசாமல் ஃபைலை மூடிவிட்டிருந்தால் கனிஷ்காவுக்குத் தெரிந்திருக்காது. பொங்கியண்ணனுக்கும் தெரிந்திருக்காது.

"அண்ணா, இது நம்ம ஃபைல்ல இருந்து போனதுதானுங்க. நான்தான் சரியா வெட்டலீங்க. வெட்டினா போயிரும்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றாள்.

கனிஷ்கா வந்து திரையைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று குல்சும் எதிர்பார்த்தாள். கனிஷ்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"போலீசுல மனு குடுத்திருக்கோம்க்கா. அதை அவங்க பாத்துக்குவாங்க. எனக்கு உங்ககிட்ட வேற எதுவும் வேண்டாம். எங்க போட்டோ இங்க எந்த மூலையிலயும் இருக்கக் கூடாது. எங்களுது மட்டும்னு சொல்லலை. யாரோடதும் இருக்கக் கூடாது. நாளைக்கு இன்னொருத்தி வந்து இதே மாதிரி உக்காரக் கூடாது."

"ஒண்ணுகூட இருக்காது கண்ணு," என்றாள் குல்சும்.

கனிஷ்கா போன பிறகு பொங்கியண்ணன், "அந்தப் புள்ள முன்னாடியே சொல்லோணுமுங்களா அம்மணி? எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமுங்க," என்றார்.

"தனியாச் சொன்னா நீங்க வெளியில சொல்ல விட்டிருப்பீங்களா அண்ணா?"

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அங்கிருந்தே, "எடுத்துப்போடுங்க. எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க," என்றார்.

கம்ப்யூட்டரில் இருந்தது ஐயாயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஃபைல்கள். குல்சும் முதலில் ஃபோல்டரின் தொடக்கத்திலிருந்து கையாலேயே ஆரம்பித்தாள். ஃபைலைத் திற, போட்டோவைத் தொடு, அழி, சேமி, மூடு. மறுநாள் சாயங்காலம் வரை செய்து நூற்றுப் பதினாலுதான் முடிந்தது. வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டு இப்படியே போனால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். கனிஷ்காவின் நம்பர் இருந்தது. கூப்பிட்டுக் கேட்பதற்குக் கூச்சமாக இருந்தாலும் கேட்டாள்.

"ஒவ்வொண்ணா எதுக்குக்கா எடுக்கறீங்க? அதுக்குன்னு சாஃப்ட்வேர் இருக்கு. ஃபோல்டரைக் காட்டினாப் போதும், உள்ள இருக்கற எல்லா ஃபைல்லயும் படத்தை எடுத்துரும். வேற எதையும் தொடாது," என்று சொல்லி கனிஷ்கா லிங்க் அனுப்பினாள்.

சின்ன சாஃப்ட்வேர்தான், காசு கிடையாது. திறந்தால் ஒரே ஒரு ஜன்னல். ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன், ஆரம்பிக்க ஒரு பட்டன், நடுவில் டிக் அடிக்கச் சில கட்டங்கள். குல்சும் அவசரக்காரி அல்ல. கையால் முடித்தவற்றுக்கு அடுத்து இருந்த பத்து ஃபைல்களைத் தனியாகக் காப்பி எடுத்து அதில் ஓட்டிப் பார்த்தாள். போட்டோ போய்விட்டது. பெயர், படிப்பு, கூட்டம், ஜாதகக் கட்டம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. திருப்தியாக இருந்தது.

மொத்த ஃபைல்களிலும் ஓட்டுவதற்கு முன்னால் மற்ற இடங்களைச் சுத்தம் செய்தாள். அனுப்பிய மெயில்களை வருஷவாரியாக அழிக்க மூன்று நாள் பிடித்தது. ஸ்கேன் செய்த படங்கள் கிடந்த ஃபோல்டர், ஆபீஸ் போனில் இருந்த வாட்ஸப், பொங்கியண்ணன் வீட்டில் வைத்திருந்த பென்டிரைவ் எல்லாவற்றையும் அழித்தாள். மறுவாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் மொத்த ஃபோல்டரையும் சாஃப்ட்வேரில் காட்டினாள். டிக் அடிக்கும் கட்டங்களில் ஒன்று, 'பழைய ஃபைலின் காப்பியை வைத்துக்கொள்'. அதில் டிக் ஏற்கெனவே இருந்தது. அதை வைத்துக்கொண்டால் போட்டோக்கள் எல்லாம் இன்னொரு இடத்தில் உட்கார்ந்திருக்கும். கனிஷ்காவிடம் சொன்ன வார்த்தை இருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டு ஆரம்பிக்கும் பட்டனை அழுத்தினாள்.

பின்னறையில் சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. பன்னிரண்டு ஜி.பி. இருந்த ஃபோல்டர் நூறு எம்.பி.க்கும் கீழே வந்திருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் போகும்போது பல நாளுக்குப் பிறகு அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் காங்கேயத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் மகளுக்கு வரன் பார்க்க வந்தார்கள். இனிமேல் போட்டோ மெயிலில் வராது, பிடித்திருந்தால் அந்தந்த வீட்டாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பொங்கியண்ணன் அவர்களிடம் விளக்கினார். குல்சும் ஏழு ஃபைல்களை பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா முதல் தாளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல ஜாதகத்தைக் காணமே?" என்று கேட்டார்.

ராசி என்ற தலைப்பு இருந்தது. அம்சம் என்ற தலைப்பும் இருந்தது. இரண்டுக்கும் கீழே வெறும் வெள்ளைதான். குல்சும் அடுத்த தாளைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். ஏழில் ஆறு அப்படித்தான் இருந்தன.

அவள் சோதித்துப் பார்த்த பத்தும் ஃபோல்டரின் தொடக்கத்தில் இருந்தவை, அதாவது மிகப் பழையவை. அவற்றில் கட்டம் அவளே டைப் செய்தது. 2013க்குப் பிறகு வந்தவற்றில் ஜாதகம் படம். சாஃப்ட்வேருக்குக் கனிஷ்காவின் முகமும் ஒன்றுதான், கடக லக்னமும் ஒன்றுதான். படம் என்றால் எடுத்துவிடும். மூவாயிரத்து அறுநூற்று நாற்பது பேருடைய ஜாதகம் போய்விட்டது. திரும்ப எடுக்கலாமென்றால் எங்கேயும் காப்பி இல்லை. இல்லாமல் செய்தவளும் அவள்தான். அசல் ஜாதக நோட்டை எந்த வீட்டாரும் கையை விட்டுத் தரமாட்டார்கள். அன்றைக்கே ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாயிற்று. மையத்தில் மிஞ்சியிருந்தது அவர்கள் பூர்த்தி செய்த படிவம் மட்டும். அதில் பிறந்த தேதியும் நேரமும் ஊரும் இருக்கும், கட்டம் இருக்காது.

காங்கேயத்துக்காரர்களை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு பொங்கியண்ணன் வந்தார். குல்சும் நடந்ததைச் சொன்னாள்.

"நான் நின்னுக்கறேனுங்ணா. வேற ஆளைப் பாத்துக்குங்க."

"நீங்க போயிட்டா மறுபடி யாருங்க டைப் அடிக்கறது?" என்றார் அவர். அதில் கோபம் இருந்த மாதிரியும் இல்லை, ஆறுதல் இருந்த மாதிரியும் இல்லை. "வெங்கடபதியைக் கூப்புடுங்க. என்ன பண்ணலாம்னு கேப்போம்."

வெங்கடபதி மையத்துக்கு வாரம் இரண்டு நாள் வந்து பொருத்தம் பார்க்கும் ஜோதிடர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதென்னுங்க பெரிய காரியம்? தேதி, நேரம், ஊரு மூணும் இருக்குதில்லீங்க? என்ற லேப்டாப்புல போட்டா ஒரு நிமிஷத்துல கட்டம் வந்துரும். பத்து நாள்ல முடிச்சுரலாம்," என்றார்.

பொங்கியண்ணனுக்கு உயிர் வந்தது. குல்சும்தான், "அது ஒத்துவராதுங்க," என்றாள்.

"ஏனுங்க?"

"நீங்க திருக்கணிதப் பஞ்சாங்கத்துல போடுவீங்க. பாதிப் பேரு ஊட்டுல வாக்கியப் பஞ்சாங்கத்துல எழுதின ஜாதகம் வெச்சிருப்பாங்க. சில பேருக்கு சனி ஒரு கட்டம் தள்ளி நிக்கும். அவங்க கையில ஒண்ணும் நம்ம தாள்ல ஒண்ணும் இருந்தா, பாக்கறவங்க ஜாதகத்தையே மாத்திப்போட்டாங்கன்னு சொல்லுவாங்க. கோபிச்செட்டிபாளையத்துப் பையனுக்கு அப்படித்தானுங்க நிச்சயம் நின்னு போச்சு. நீங்கதான் வந்து சமாதானம் பேசுனீங்க."

வெங்கடபதி கொஞ்சம் யோசித்தார். "அம்மணி சொல்றது வாஸ்தவந்தானுங்க," என்று லேப்டாப்பை மூடினார்.

ஒவ்வொரு வீடாக போன் செய்து, ஜாதகத்தை மறுபடி அனுப்பச் சொல்வது என்று முடிவாயிற்று. வந்ததும் படமாக ஒட்டாமல் பழையபடி கட்டம் போட்டு டைப் செய்வதாக குல்சும் சொன்னாள். வீட்டுக்குப் போய் ரசாக்கிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர், "ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு போன் பண்ண முடியும்?" என்று மட்டும் கேட்டார். முப்பது என்றாள். அவர் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "தீபாவளி தாண்டிரும் குல்சு," என்றார். மறுநாள் கடையிலிருந்து பழைய ஹெட்போன் ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூன் கடைசியில் ஆரம்பித்தாள். கூடவே, நோட்டுகளைப் பார்த்து, ஃபைல் வாங்கியவர்களையும் கூப்பிட்டு அவற்றை மெயிலிலிருந்து அழித்துவிடச் சொன்னாள். பல்லடத்தில் ஒருவர், "என்ற பையன் பெங்களூருல அவனே பாத்துக் கட்டிக்கிட்டானுங்க. பேரனுக்கு அஞ்சு வயசாச்சு. வேணுமுன்னா பேரன் ஜாதகத்தை அனுப்பட்டுங்களா?" என்று சிரித்தார். சிலருக்குக் கல்யாணமாகி அத்துப்போயிருந்தது. சிலர் பெண்ணே வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். ஒரு பெண் அவளே போனை எடுத்து, "என்னை யாருங்க பதிஞ்சது?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் சித்தப்பா பதிந்திருந்தார். பாதிக்கு மேல் இப்படியே வந்தது. வரன் அமைந்துவிட்டால் மையத்துக்கு வந்து சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்டு எடுக்கவேண்டும் என்று மையத்துக்கும் தோன்றவில்லை. வருஷக்கணக்காகத் தேவையில்லாத ஃபைல்கள் தேவைப்பட்டவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஆகஸ்டில் ஒரு நாள் சூலூர் பக்கத்து நம்பர் ஒன்றைக் கூப்பிட்டாள். தெய்வாத்தாள் என்ற அம்மா எடுத்தார். மகளின் பெயரில் பதிவு. குல்சும் வழக்கம்போல மையத்தின் பெயரைச் சொல்லி, ஜாதகம் வேண்டுமென்றாள். அந்தப் பக்கம் சத்தமில்லை.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

"கேக்குது அம்மணி. புள்ள இல்லீங்க. தவறி மூணு வருஷமாச்சு. டெங்கு வந்துச்சுங்க."

குல்சும் பேனாவைக் கீழே வைத்தாள். தெய்வாத்தாளே பேசினார்.

"உங்காபீசுல இருந்து காயிதம் வாங்கினோம்னு அப்பப்ப யாராச்சும் போன் பண்ணுவாங்க. பொண்ணு பாக்க எப்ப வரட்டும்னு கேப்பாங்க. நான் வரன் அமைஞ்சிருச்சுங்கன்னு சொல்லிப்போடுவேன். எத்தனை பேருகிட்ட அதைச் சொல்றது?"

"மன்னிச்சுக்குங்க அம்மா. எங்க தப்புதானுங்க. இப்பவே எடுத்துப்போடறேன்."

"எடுங்க." பிறகு கேட்டார், "அந்தப் போட்டோ உங்ககிட்ட இருக்குதுங்களா? ஊதாச் சேலை கட்டிக்கிட்டு ஸ்டுடியோவுல எடுத்தது. உங்களுக்குக் குடுக்கறதுக்குன்னுதான் எடுத்தோம். ஊட்டுல இருந்தது அவங்கப்பன் போன்ல இருந்துச்சு, அது போயிருச்சு. ஸ்டுடியோக்காரரும் கடையைக் காலி பண்ணிப்போட்டாரு. இருந்தா அனுப்புங்க அம்மணி."

ஊதாச் சேலைப் பெண்ணை குல்சுமுக்கு ஞாபகம் இல்லை. அவள் கைவழியாக அத்தனை பேர் போயிருந்தார்கள். "பாக்கறேனுங்க," என்று சொல்லி வைத்தாள். பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு அடுத்த நம்பரைக் கூப்பிட அவளால் முடியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, யாருக்கு எந்த நம்பர் அனுப்பினோம் என்று எழுதும் நோட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கினாள். ஏழு நோட்டுகள். அந்தப் பெண்ணின் நம்பர் எங்கெங்கே வருகிறது என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். பதினாறு வீட்டுக்குப் போயிருந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பழைய மெயிலை அழிக்காமல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். எல்லோருக்கும் அது விசித்திரமாக இருந்தது. போன மாதம் இதே அம்மாள் கூப்பிட்டு, எங்கள் ஃபைல் எதுவும் உங்கள் மெயிலில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டவள். அநேகமாக எல்லோரும் அழித்துவிட்டிருந்தார்கள்.

பெருந்துறையில் கந்தப்பன் என்பவர் மட்டும், "அழிக்கறேன்னு சொன்னேனுங்க. நேரமில்லாம உட்டுப்போட்டேன்," என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நல்லதாப் போச்சுங்க," என்றாள் குல்சும். "அதுல ஒண்ணு மட்டும் எனக்குத் திருப்பி அனுப்புங்க. அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுருங்க."

மெயில் வந்ததும் திறந்தாள். ஊதாச் சேலை. நெற்றியில் சின்னப் பொட்டு. கழுத்தைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொண்டு, ஸ்டுடியோக்காரர் சொன்ன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாதகமும் கீழே இருந்தது. குல்சும் படத்தைத் தொட்டு கிராப் பட்டனை அழுத்தினாள். மங்கலான பக்கத்தில் யாரும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியும், ஸ்டுடியோ திரையில் வரைந்த தூணும், கீழே சேலை மடிப்பும் அவளுடைய செருப்பும் இருந்தன. முழுதாகவே சேமித்து, எதிர்ச்சாரியில் இருந்த ஸ்டுடியோவில் பெரிதாக இரண்டு பிரின்ட் போட்டுக்கொண்டாள். பிறகு அந்த ஃபைலையும் மெயிலையும் அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரசாக்கின் ஸ்கூட்டரில் இருவரும் சூலூர் போனார்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்ததால் சத்தமாகத்தான் பேசவேண்டியிருந்தது. தெய்வாத்தாள் கவரைப் பிரித்துப் பார்த்தார். அழவில்லை. போட்டோவின் அடிப்பகுதியைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் செருப்பு என்னுது. அவளுது அன்னிக்கு அத்துப்போச்சுன்னு என்னுதைப் போட்டுட்டு வந்தா. காலு தெரியாதும்மான்னு சொன்னா," என்றார்.

தெய்வாத்தாள் ஒரு பிரின்ட்டைச் சாமி ரூமில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தார். ரசாக் செய்யும் வேலையை விசாரித்தார். வீட்டில் ஓடாமல் கிடந்த கிரைண்டர் ஒன்று இருந்தது. ரசாக் அதைக் கழற்றி, உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்ததைச் சேர்த்துக் கொடுத்தார். கிளம்பும்போது தெய்வாத்தாள் வாசல் வரை வந்து, "இனி யாரும் கூப்புட மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

"கூப்புட மாட்டாங்கம்மா."

அந்த மாதத்திலேயே ஈரோட்டுத் தரகரைப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. மகனுக்குப் பெண் தேடுவதாகச் சொல்லி மையத்தில் பதிந்து ஃபைல்களை வாங்கியிருந்தார். படங்களையெல்லாம் அழித்துவிட்டு, இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். கனிஷ்கா போன் செய்து சொன்னாள். தங்கை மறுபடி காலேஜுக்குப் போகிறாளாம். ஆனால் யாராவது போனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். ஜாதகம் போன கதையை அப்போதுதான் குல்சும் அவளிடம் சொன்னாள். கனிஷ்கா சங்கடப்பட்டு, "நான் கேட்டிருக்கணும்க்கா, வேற என்னென்ன படம் இருக்குன்னு," என்றாள்.

"நான்தான் கண்ணு சொல்லியிருக்கணும். எனக்கே அது படம்னு ஞாபகம் இல்லை," என்றாள் குல்சும்.

போன் செய்யும் வேலை டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. பழகப் பழக ஒரு நாளைக்கு நாற்பது போன் வரை போனதால், 2013க்கு முந்தைய ஃபைல்களுக்கும் சேர்த்தே கேட்டுவிட்டாள். அவற்றில் எண்பது பேர்தான் தேறினார்கள். மொத்தமாக எண்ணிப் பார்த்தபோது இன்னும் வரன் தேடிக்கொண்டிருந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. வாசல் போர்டில் 'ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வரன்கள்' என்று எழுதியிருந்தது. பொங்கியண்ணன் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பெயின்டரைக் கூட்டிவந்து அந்த வரியை அழிக்கச் சொன்னார். வேறு எண் எழுதவில்லை. எல்லாம் உயிருள்ள ஃபைல்கள் என்பதால் தை மாதத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே கல்யாணம் கூடியது. அதை அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார், தான் யோசித்துச் செய்த ஏற்பாடு போல. குல்சும் குறுக்கே பேசவில்லை.

புதுப் படிவம் ஒன்றையும் அவள் டைப் செய்தாள். போட்டோ கம்ப்யூட்டரில் ஏற்றப்படாது, ஆபீசில் வைத்து நேரில் மட்டுமே காட்டப்படும், ஒருவர் மட்டும் உள்ள போட்டோதான் வாங்கப்படும், வருஷத்துக்கு ஒரு தடவை போன் செய்து கேட்கப்படும் என்று அதில் இருந்தது. கடைசியில் ஒரு கோடு. பதிவுக்குரிய பெண்ணோ பையனோ தானே போடவேண்டிய கையெழுத்து. அந்தக் கோட்டுக்கு மட்டும் பொங்கியண்ணன் முணுமுணுத்தார். பெரியவர்கள் வந்து பதிகிற இடத்தில் சின்னவர்களிடம் எதற்குக் கையெழுத்து என்றார். குல்சும் அதை எடுக்கவில்லை. முதல் வாரத்தில் இரண்டு அப்பாக்கள் படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. மூன்றாவதாக வந்தவர் அன்னூர்க்காரர். மகளையே கூட்டிவந்திருந்தார். அந்தப் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். குல்சும் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, பெண் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.